"இல்லாத ஊரு"ன்னு இனிமே சொல்லாதீங்க: வேலூர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சுத்தின கதை

போன மாசம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். வந்து செருப்ப கூட கழட்டல, "மாமா உங்க ஊர பத்தி ஒரு ரீல் பாத்தேன், சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ்னு வரிசையா சொல்றாங்க"ன்னு ஒரே சிரிப்பு. இதுல ஆறாவதா ஒண்ணு இருக்கு, ஊரு பொம்பளைங்கள பத்தி. அத எங்க அம்மா முன்னாடி சொல்லாம விட்டான், தப்பிச்சான்.

வேலூர்க்காரங்க கேட்டு கேட்டு புளிச்சுப் போன வசனம் இது. நானும் ஸ்கூல் டைம்ல இத சொல்லி சிரிச்சவன்தான். ஆனா கொஞ்ச வருஷமா இத கேட்டா சுருக்குன்னு இருக்கு. இல்லாத இல்லாதன்னு அடுக்கறாங்களே, அதெல்லாம் ஒரு காலத்துல இருந்தது தானே, இருந்தத யாரோ கிளப்பி விட்டதால தானே இப்ப இல்ல, அந்த யாரோ யாருன்னு மட்டும் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். சரி வாடான்னு ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய எடுத்தேன்.

மொதல்ல கோட்டை, வேற எங்க போறது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே 133 ஏக்கர்ல உக்காந்திருக்கு. சின்ன பொம்மி நாயக்கர் 1566 வாக்குல கட்டினது. அகழில பத்தாயிரம் முதலை இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, அன்னைக்கு பக்கத்துல ஒரு குடும்பத்துக்கு கதை சொல்லிட்டு இருந்தவரும் அதே பத்தாயிரத்த தான் சொன்னாரு, யார் எண்ணுனாங்களோ. விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கம் இருக்குன்னும் சொல்லுவாங்க, தேடினவங்களுக்கு இதுவரைக்கும் ஒரு சுரங்கமும் சிக்கல. பையன் முதலைக்கு வாய பொளந்துட்டு கேட்டுட்டு இருந்தான். டேய், நெஜமா நடந்ததே இத விட பெருசா இருக்குது, இங்க வான்னு மதில் நிழலுக்கு இழுத்துட்டு போய் உக்கார வச்சேன்.

1614-ல விஜயநகர ராஜா ரெண்டாம் ஸ்ரீரங்கர், அவரு குடும்பத்தோட இந்த கோட்டைல தான் அடைஞ்சு கிடந்தாரு. அடைச்சது எதிரி நாட்டுக்காரன் இல்ல, ஜக்கராயன்னு சொந்த வட்டத்து ஆளு தான், பட்டத்துக்கு வேற ஒரு பையன நிறுத்தறதுக்காக. ராஜா பக்கம் நின்ன யாசம நாயக்கர் எப்படியாவது ஒரு புள்ளையவாவது வெளிய கொண்டாரணும்னு பாத்தாரு, கோட்டைக்குள்ள தாராளமா போயிட்டு வர்றது யாரு, துணி வெளுக்கிறவரு. அவரு பனிரெண்டு வயசு ராமதேவன அழுக்கு மூட்டைக்குள்ள வச்சு காவக்காரன் கண்ணு முன்னாடியே தூக்கிட்டு வந்துட்டாரு! மூட்டைய தோள்ல போட்டுட்டு அந்த வாசல தாண்டறப்ப அந்த மனுஷனுக்கு நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்னு நெனச்சு பாருங்க, உள்ள இருக்கிற புள்ள ஒரு தும்மல் போட்டா ரெண்டு பேர் கதையும் முடிஞ்சது. அந்தப் பையன் பின்னாடி ராஜாவா பட்டம் கட்டினான். உள்ள இருந்தவங்க கதி தான் கொடும, ராஜா ராணி புள்ளைங்கன்னு மிச்ச குடும்பம் மொத்தத்தையும் தீர்த்துட்டாங்க. ஆக ராஜா இல்லாத கோட்டைன்னு சிரிக்கறோமே, ராஜா இருந்த எடம் தான், குடும்பத்தோட செத்த எடம். அந்த வெளுக்கறவரு பேரு எங்கயும் நான் பாக்கல, ஜக்கராயன் பேரு மட்டும் நல்லா பத்திரமா இருக்கு.

அப்புறம் பீஜாப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு நவாப், கிழக்கிந்திய கும்பெனின்னு கை மாறிக்கிட்டே போச்சு, அத எல்லாம் எழுதினா பத்தாங்கிளாஸ் நோட்ஸ் மாதிரி ஆயிடும்.

அடுத்து ஜலகண்டேஸ்வரர் கோயில். உள்ள நுழைஞ்ச உடனே இடது பக்கம் கல்யாண மண்டபம், அங்க போனா நான் எல்லாரையும் ஒரு சிற்பத்துக்கு முன்னாடி நிக்க வைப்பேன், யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கிட்டு நிக்கும். காளை உடம்ப கையால மறைச்சா யானை, யானைய மறைச்சா காளை. பையன் அஞ்சு நிமிஷம் கைய மாத்தி மாத்தி வச்சு பாத்துட்டு, அப்புறம் தான் போன எடுத்தான், அதுலயே எனக்கு பாதி சந்தோஷம். இந்த மண்டபத்த அப்படியே கழட்டி லண்டனுக்கு கொண்டு போக வெள்ளக்காரன் பிளான் போட்டான், கப்பல் வர்ற வழில முழுகிடுச்சு, அதான் தப்பிச்சதுன்னு ஊர்ல ஒரு கதை. கப்பல் கதைய நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா மண்டபத்த பாத்தா எவனுக்கும் ஆசை வரும்.

இந்த கோயில ஆயுதக் கிடங்கா வச்சிருந்தாங்க வெள்ளக்காரங்க, துப்பாக்கியும் மருந்தும் அடுக்கி வச்சது இங்க தான். கோட்டை மேல சண்ட சண்டையா வந்த காலத்துலயே பூஜை நின்னு போச்சு, சுமார் 400 வருஷம் கருவறை காலின்னு சொல்லுவாங்க. 1921-ல தொல்லியல் துறை கைக்கு வந்த பிறகும் அது பாதுகாக்கப்பட்ட சின்னம், பூஜை கெடையாது. லிங்கம் சத்துவாச்சாரி பக்கம் இருந்துச்சு. 1981 மார்ச் 16-ந் தேதி ஊர் ஜனங்க ஒண்ணு சேந்து அத எடுத்துட்டு வந்து உள்ள வச்சிட்டாங்க. அன்னைக்கு எப்படி நடந்துச்சுன்னு கேட்டா ஊர்ல ஆளுக்கொரு கதை, எங்க தெருவுலயே மூணு பேரு "நான் தான் கை குடுத்தேன்"னு சொல்லுவாங்க. எது எப்படியோ, 40 வருஷத்துக்கு மேல தினம் பூஜை நடக்குது, நெய் விளக்கு வெளிச்சம், கூட்டம், பிரசாதம் எல்லாம் இருக்குது, ரீல் போடறவனுக்கு மட்டும் இன்னும் சேதி போகல போல.

2021 நவம்பர் மழைல அகழி ரொம்பி கோயிலுக்குள்ளயே தண்ணி வந்து நின்னுச்சு, முட்டி வரைக்கும். பேரே ஜலகண்டேஸ்வரர், வந்து பாத்துட்டு போவட்டும்னு எங்க அம்மா அசால்ட்டா சொல்லிட்டாங்க.

வெளிய வந்தா ஹைதர் மகால், திப்பு மகால். பேர கேட்டுட்டு அரண்மனைன்னு நெனச்சு போனா ஏமாந்துடுவீங்க, திப்பு இங்க வாழ்ந்ததும் இல்ல, இது அவரு குடும்பத்த அடைச்சு வச்ச எடம். 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்த பிறகு பசங்க, பொண்ணுங்க, பொண்டாட்டிமாருங்க, வேலையாளுங்கன்னு பெரிய கூட்டத்தையே கும்பெனி இங்க கொண்டாந்துச்சு. பென்ஷன் உண்டு, வெளிய போக முடியாது. இந்த கட்டடங்கள போலீஸ் ட்ரெய்னிங்குக்கு ரொம்ப வருஷம் வச்சிருந்தாங்க, அதிகாரம் இல்லாத போலீஸுங்கற கிண்டல் அங்க இருந்து வந்தது தான், பாவம் இன்னும் ட்ரெய்னிங்கே முடியாத பசங்க.

இங்க தான் 1806 சிப்பாய் கலகம். ஸ்கூல் புத்தகத்துல நாலு வரில முடிச்சிடுவாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்லணும். கும்பெனி பட்டாளத்துல இருந்த நம்மூரு சிப்பாய்ங்க நெத்தில நாமம் விபூதி வைக்க கூடாது, தாடி எடுத்துடணும், புதுசா ஒரு தலப்பா போடணும்னு ஆர்டர் போட்டாங்க, அந்த தலப்பால தோல் வேற, அது மாட்டுத் தோலா பன்னித் தோலாங்கற சந்தேகம் ரெண்டு பக்கத்துக்கும் வயித்தக் கலக்கிடுச்சு. வேணாம்னு சொன்னவங்களுக்கு கசையடி. ஜூலை 9 திப்பு பொண்ணு ஒண்ணுக்கு கோட்டைக்குள்ள கல்யாணம், விருந்து, ஆளுங்க கூடறதுக்கு நல்ல சாக்கு. 10-ந் தேதி விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாங்க. தூங்கிட்டு இருந்த வெள்ளக்கார 69-வது ரெஜிமென்ட்டுல 115 பேரு, சிப்பாய்ங்களோட சொந்த ஆபிசருங்க 14 பேரு செத்தாங்க. கோட்டை மேல மைசூர் புலிக் கொடி ஏறுச்சு, திப்பு பையன் ஃபத்தே ஹைதர ராஜான்னு அறிவிச்சாங்க.

அந்த ராஜாங்கம் அர நாள் கூட தாங்கல. தப்பிச்ச ஒருத்தன் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டுல சேதி சொல்ல, ராலோ கில்லெஸ்பிங்கற ஆபிசர் குதிரப்படையோட வந்துட்டான். மதில் மேல மாட்டிக்கிட்டு இருந்த சோல்ஜருங்க மேல இருந்து கயிறு விட, அத புடிச்சு ஏறி போய், பின்னாடி வந்த பீரங்கிய வச்சு கதவ பொளந்தான். அதுக்கப்புறம் நடந்தது சண்டைன்னு சொல்ல முடியாது, மகாலுக்குள்ள ஒளிஞ்சிருந்த சுமார் 100 பேர வெளிய இழுத்தாந்து செவுத்தோரம் நிக்க வச்சு சுட்டாங்க. மொத்தமா 350 சிப்பாய்ங்களாவது செத்திருப்பாங்கன்னு கணக்கு. எந்த செவுருன்னு பையன் கேட்டான். எனக்கு காட்ட தெரியல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்க இருந்த எல்லா செவுத்தையும் பாத்துக்கிட்டு நின்னோம், ஒரு செவுத்துல லாரன்ஸ் லவ்ஸ் பிரியான்னு கீறி வச்சிருந்தாங்க.

தலப்பா ஆர்டர் வாபஸ், மதராஸ் கவர்னர் வில்லியம் பெண்டிங்க சீமைக்கு திருப்பி கூப்பிட்டுட்டாங்க, திப்பு குடும்பத்த கல்கத்தாவுக்கு மாத்திட்டாங்க. எல்லாரும் போகல, ஹைதர் அலி சம்சாரமும் திப்பு சம்சாரமும் கோட்டைல இருந்து கிழக்க ஒரு கிலோமீட்டர் தூரத்துல சமாதில இருக்காங்க. 1857 கலகத்துக்கு 51 வருஷம் முந்தினது இது, தபால் தலை வர்றதுக்கு 200 வருஷம் ஆச்சு, 2006-ல தான் வந்துச்சு.

திப்பு குடும்பம் காலி பண்ணி பத்து வருஷத்துல அடுத்த கைதி வந்தாச்சு, கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன். இலங்கைய ஆண்டாலும் மதுரை நாயக்கர் வழி. 1815-ல புடிச்சு 1816-ல இங்க கொண்டாந்தாங்க, 1832-ல சாகற வரைக்கும் இங்க தான். ரெண்டு ராஜ குடும்பத்துக்கு ஜெயிலா இருந்த எடத்த "ராஜா இல்லாத கோட்டை"ங்கறோம்!

அவரு சமாதி கோட்டைல இல்ல, பாலாத்தங்கரையில. முத்து மண்டபம்னு 1990-ல அரசாங்கம் கட்டுச்சு. மதியம் அங்க போனோம், எங்க ரெண்டு பேர தவிர ஒரு ஆள் இல்ல, நல்ல நிழல், ஒரு நாய் தூங்குச்சு. ஆத்துல தண்ணி இல்ல, அத மட்டும் ரீல்காரன் சரியா தான் சொல்லிருக்கான், ஒத்துக்கறேன். அதுக்கும் காரணம் உண்டு, மணல் தோண்டுனது, தோல் தொழிற்சால கழிவு, மேல கட்டுன தடுப்பணைங்கன்னு அது ஒரு தனி பதிவு, இங்க ஆரம்பிச்சா சண்ட வரும்.

திரும்பி வர்ற வழில ஜெயில வெளிய இருந்து காட்டினேன். 1830-ல ஆரம்பிச்சது. 1921 கடைசில ராஜாஜி மூணு மாசம் உள்ள இருந்தாரு. 1941-ல காமராஜர் உள்ள இருக்கறப்பவே விருதுநகர் முனிசிபல் சேர்மனா அவர ஜெயிக்க வச்சிட்டாங்க, வெளிய வந்து வேலைய முழுசா பாக்க முடியாத பதவி எதுக்குன்னு ராஜினாமா பண்ணிட்டாரு. இத சொன்னதும் பையன் "ஜெயில்ல இருந்துட்டு ஜெயிக்கிறது இப்பவும் நடக்குதே மாமா"ன்னான், நான் வண்டிய பாத்து ஓட்டினேன்.

ஊருக்குள்ள பெங்காலி போர்டா இருக்கே ஏன்னு கேட்டான். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற கூட்டம்டா, அங்கயும் ஒரு கட்டட கதை இருக்கு, 1900-ல ஐடா ஸ்கடர் ஒத்த கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்சாங்க, நியூயார்க் பேங்க்காரர் ஒருத்தரு செத்துப்போன சம்சாரம் மேரி டேபர் ஷெல் ஞாபகமா பத்தாயிரம் டாலர் குடுத்தாரு, 1902-ல 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்துச்சு, ஷெல் கண் ஆஸ்பத்திரின்னு அந்தப் பேரு இன்னும் நிக்குது. வேலூர ஒரு தடவ கூட பாக்காத ஒரு அம்மா பேர நாம தினம் ஆட்டோக்காரன் கிட்ட சொல்லிட்டு இருக்கோம்.

கடைசியா லாங்கு பஜார், அம்மா பூண்டு வாங்கிட்டு வர சொல்லிருந்தாங்க. அங்க மணிக்கூண்டு இருக்கு. பொறந்ததுல இருந்து அத தாண்டி போறவன் நான், மணி பாத்ததோட சரி. கீழ ஒரு கல்லு பதிச்சிருக்கும், கட்டின கான்ட்ராக்டர் பேரா இருக்கும்னு ரொம்ப வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். பையன் தூசிய கையால தொடச்சுட்டு சத்தமா படிச்சான், இந்த கிராமத்துல இருந்து 277 பேரு 1914-19 பெரிய யுத்தத்துக்கு போனாங்க, அதுல 14 பேரு உசுர குடுத்தாங்க, அவ்ளோ தான் இருக்கு.

"கிராமமா? வேலூரா?"ன்னு சிரிச்சான். அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "பேரு போடலயே மாமா, அந்த 14 பேரு யாரு"ன்னான்.

"அண்ணே கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கடைய மறைக்கிறீங்க"ன்னு பூண்டுக்காரரு பின்னால இருந்து குரல் குடுத்தாரு. நகந்து நின்னோம். அர கிலோ போட சொன்னேன், பையன் இன்னும் கல்ல பாத்துட்டே இருந்தான்.