மூன்று சாக்கு, நாலு பேர், ஒரு விடை

சனிக்கிழமை பின்னேர வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ஏதாவது விளையாட்டு வேண்டுமென்றுதான் மேத்கவுண்ட்ஸ் என்ற பள்ளிக் கணிதப் போட்டியின் கணக்குகளைத் தேடிப் போனேன். மழை மாதங்களில் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் இரண்டு மணிக்கே லைட் போடவேண்டும். மழைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கண் சொக்கும். ஆனால் தேடிப் போனதை விட, அந்தப் போட்டியின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1983இல் அமெரிக்காவில் தொடங்கியது. தொடங்கியவர்களில் கணித ஆசிரியர் சங்கம் இருந்தது சரி. பொறியியலாளர் சங்கமும் சிஎன்ஏ என்ற காப்புறுதிக் கம்பனியின் அறக்கட்டளையும் கூடவே நின்றன. கணக்குத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் முதலில் அடிபடுவது அவர்கள் தொழில்தானே! 6, 7, 8ஆம் தரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போட்டி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கணக்கு நமக்கு வரும், வராது என்று பிள்ளை தனக்குள் தீர்மானிக்கிற வயது அது. 1984இல் முதல் தேசியப் போட்டி வாஷிங்டனில் நடந்தது.

தனியாகச் செய்யும் சுற்றுகள் இரண்டு. ஒன்றில் 40 நிமிடத்தில் 30 கணக்கு, கல்குலேட்டர் கிடையாது. மற்றதில் 8 கணக்கு, இரண்டிரண்டாகத் தருவார்கள், ஒவ்வொரு சோடிக்கும் 6 நிமிடம். அப்புறம் குழுச் சுற்று: நாலு பேர், 10 கணக்கு, 20 நிமிடம், பேசிப் பேசிச் செய்யலாம். கடைசியில் ஒரு கணக்குக்கு 45 செக்கன் என்று மேடையில் ஓடும் சுற்றும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடித்ததோ புள்ளி போடும் முறை. நாலு பேரின் தனிப் புள்ளிகளுக்குச் சராசரி எடுத்து, குழுச் சுற்றில் சரியான ஒவ்வொரு விடைக்கும் 2 சேர்ப்பார்கள். கெட்டிக்காரன் ஒருவனை வைத்து ஒப்பேற்ற முடியாது. நாலாவது பிள்ளையின் புள்ளியும் சராசரியில் வந்து உட்காரும்.

கணக்குகளை அப்படியே தமிழில் போட்டுக் கொடுத்தது என் பிழை. டைம், நிக்கல், குவார்ட்டர் என்ற அவர்களுடைய சில்லறைக் காசுகளை விளக்கியே முதல் சனிக்கிழமை போய்விட்டது. அடுத்த கிழமை நானே கணக்கு எழுதினேன்.

மூன்று சாக்குத் தேயிலைக் கொழுந்து. இரண்டிரண்டாகத் தராசில் ஏற்றினால் 35, 39, 42 கிலோ. ஒவ்வொரு சாக்கும் எவ்வளவு?

தரம் 8 பிள்ளைகள் நாலு பேர். மூன்று பையன்கள், ஒரு பெண்பிள்ளை. வழக்கமாக வரும் பையனுக்குக் காய்ச்சல் என்பதால்தான் அவளைச் சேர்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பையன்கள் 20, 15 என்று குத்துமதிப்பாக வைத்துப் பார்த்து, அழித்து, ஒருவன் கொப்பியை மற்றவன் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பென்சிலைக் கூடத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து,

"மூணையும் கூட்டுங்கடா. ஒவ்வொரு சாக்கும் ரெண்டு தரம் ஏறியிருக்குல்ல?" என்றாள்.

கூட்டினால் 116. பாதி 58. அதில் 35 போனால் 23, 39 போனால் 19, 42 போனால் 16. பையன்கள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். பள்ளி விட்டதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்காகக் காத்து நிற்கிற பிள்ளை அவள் என்று பிறகுதான் தெரிந்தது.

விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகவேண்டியதுதானே? போகவில்லை.

"டீச்சர், 16 கிலோ எடுத்தவங்களுக்கு அரைப்பேருதானே போடுவாங்க?"

அவர்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்.

"ஆமா, பின்ன?" என்றான் ஒருவன். இன்னொருவன், சாக்கு ஈரமாக இருந்தால் அதற்கும் கழிப்பார்களே, அதைக் கணக்கில் சொல்லவில்லையே என்று என்னைப் பிடித்துக்கொண்டான். நாலு பேரும் அதையே பேசத் தொடங்கிவிட்டார்கள். மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் நாலு கணக்கு, மூன்று நிமிஷம்.