டியூப் லைட் மினுமினுத்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும்

எங்கள் வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் எல்.இ.டி. வந்துவிட்ட பிறகும், சமையலறையில் இன்னும் சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய நான்கடி டியூப் லைட்தான் எரிகிறது. எந்தப் பாகம் பழுது என்று கண்டறிந்து அதை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் தருகிற சாதனங்கள் வீட்டில் அருகிவிட்ட காலத்தில், இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சென்ற வாரம் அது எரியாமல் மினுமினுத்துக்கொண்டே இருந்தபோது, "புது டியூப் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுப்பா" என்றார் அம்மா. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் டியூப் குப்பைக்குப் போகிறது. புதிய டியூபும் அதே ஃபிட்டிங்கில் மினுமினுக்கிறது.

விளக்கு எரியும் முறையைத் தெரிந்துகொண்டால், பழுதை அதன் நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் வாயு ஒளிர்ந்து சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ஈருலோகத் தகடு வளைந்து மறுமுனையைத் தொட, சோக் எனும் கம்பிச்சுருளின் வழியாக வரும் மின்சாரம் டியூபின் இரு முனைகளிலும் உள்ள இழைகளைச் சூடாக்குகிறது. தொட்டவுடன் ஒளிர்வு நின்று தகடு குளிர்ந்து விலகுகிறது. அப்படி விலகும் கணத்தில் சோக் நூற்றுக்கணக்கான வோல்ட் அளவுக்கு ஓர் உந்துதலைத் தர, டியூபுக்குள் இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. அதன்பின் மின்னோட்டம் கட்டுமீறிப் போகாமல் பிடித்து வைப்பதும் சோக்தான். ஸ்டார்ட்டருக்கு அதற்குமேல் வேலையே இல்லை.

ஆகவே, இரு முனைகளும் செந்நிறமாக ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டே கிடந்தால், ஸ்டார்ட்டரின் தகடு ஒட்டிக்கொண்டது என்றோ, அதனுள் இருக்கும் சிறிய கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது என்றோ கொள்ளலாம். முனைகள் நன்றாகக் கறுத்துப்போய், எரிந்தும் அணைந்தும் தடுமாறினால், இழைகளின் மேலுள்ள பூச்சு தேய்ந்துவிட்டது; அந்த டியூபின் ஆயுள் முடிந்தது. எந்தச் சலனமும் இல்லையென்றால் இழை அறுந்திருக்கலாம், சோக் போயிருக்கலாம், அல்லது ஹோல்டரில் இணைப்பே கிடைக்காமல் இருக்கலாம். டியூபைக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் உள்ள இரண்டு பின்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் இழை அறுந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஏணியில் ஏறுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல வீடுகளில் வயரிங் செய்தவர்கள் சுவிட்சை ஃபேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) கொடுக்காமல் நியூட்ரலில் (அது திரும்பும் கம்பியில்) கொடுத்துவிடுகிறார்கள். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபிட்டிங்கில் 230 வோல்ட் காத்திருக்கும். மின்பலகையில் உள்ள எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

எங்கள் டியூபின் முனைகளில் கறுப்பு அதிகமில்லை. மாடிப்படி விளக்கில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி வந்து இதில் மாட்டியும் மினுமினுப்பு நிற்கவில்லை. நல்ல பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். பிறகு டியூபைக் கால்வட்டம் திருப்பி இறக்கி ஹோல்டரைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அடுப்புக்கு நேர் மேலே இருந்த முனையில் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, பித்தளைத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. ஒரு தகடு அழுத்தம் இழந்து உள்வாங்கியிருந்தது. உப்புத்தாளால் தகடுகளையும் பின்களையும் தேய்த்து, உள்வாங்கிய தகட்டைச் சற்றே முன்னுக்கு இழுத்துவிட்டு மாட்டியதும் விளக்கு ஒரே சிமிட்டலில் எரிந்தது.

மினுமினுக்கும் விளக்கை "எப்படியும் எரிந்துவிடும்" என்று அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல. ஒவ்வொரு முயற்சியிலும் இழைகளின் பூச்சு தேய்கிறது, சோக்கும் வீணாகச் சூடாகிறது. சிறிய ஸ்டார்ட்டர் கோளாறு டியூபையும் சோக்கையும் சேர்த்துக் கெடுப்பது இப்படித்தான்.

பழைய டியூபை உடைத்துக் குப்பையில் போடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. அதற்குள் பாதரசம் இருக்கிறது. அளவு சில மில்லிகிராம்தான் என்றாலும், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. தவறி உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவைத்து, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் துண்டுகளை ஒதுக்கி எடுத்து மூடிய டப்பாவில் போட வேண்டும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பொது விளக்குகளாகப் பயன்படும் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்துவதென்று 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் முடிவாகியுள்ளது.

இந்த டியூப் ஒருநாள் கறுத்துப்போகும்போது, அதே ஃபிட்டிங்கில் எல்.இ.டி. குழலைச் செருகாமல், ஃபிட்டிங்கையே மாற்றிவிடுவதாக இருக்கிறேன். அந்தக் குழல்களில் சிலவற்றுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் தர வேண்டும், சிலவற்றுக்கு இரு முனைகளிலும் தர வேண்டும். பெரும்பாலானவற்றுக்குச் சோக்கை விலக்கி வயரிங்கை மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றிய ஃபிட்டிங்கில் பின்னாளில் யாராவது விவரம் தெரியாமல் பழைய டியூபை மாட்டினால் ஆபத்து. முழு எல்.இ.டி. பட்டையாக வாங்கிப் பொருத்திவிட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.