பிரசவம் பார்க்கும் கைக்கு இன்னும் என்ன கற்றுக்கொடுக்கலாம்?

நம்மூரில் இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்குள் இரண்டு பிள்ளை பெற்று, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்ட பெண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்குமான உறவு அநேகமாக அதோடு அறுந்துபோகிறது. கர்ப்பமாக இருந்தவரை மாதாமாதம் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடுதான் போவாள். முப்பத்தைந்தில் வெள்ளைப்படுதல், நாற்பதில் பெரும்பாடு, நாற்பத்தைந்தில் உடலுறவுக்குப் பின் ரத்தக்கறை. யாரிடம் சொல்வது என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடும்.

அப்படிப்பட்டவள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஆள், அவளுக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மாதான். அந்த உறவை வைத்துக்கொண்டு பிரசவத்துக்குப் பிந்தைய முப்பது வருஷத்தையும் கவனிக்க முடியுமா? முடியும் என்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையத்தோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, அதில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 2000 முதல் 2003 வரை 31,343 பேர் வந்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: மற்ற 57 தொகுதிகளோடு ஒப்பிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைவு. 30 முதல் 39 வயதுக்காரர்களிடம் மரணம் 66 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனையும் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால்.

அந்த நர்சுகளுக்குக் கற்றுக்கொடுத்தது வி.ஐ.ஏ. என்கிற பரிசோதனை. ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெறும் கண்ணால் பார்ப்பது. கேட்க அவ்வளவுதான். ஆனால் கைப்பழக்கமும் கண்பழக்கமும் இல்லாமல் இதைச் செய்தால் பார்த்தும் பார்க்காதது போல்தான்.

கரைசலில் ஆரம்பிப்போம். 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தினமும் காலையில் புதிதாகக் கலந்து, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நேற்றைய கரைசல் வலுக்குறைந்துவிடும், வெள்ளை எழும்பாது, எல்லாருக்கும் ‘நார்மல்’ என்று எழுதிக்கொண்டே போவோம். அதைவிடப் பெரிய ஆபத்து, கலக்காத அமில பாட்டில் அதே மேஜையில் இருப்பது. கிளேசியல் அமிலம் உடம்பில் பட்டால் சதையைச் சுட்டுப் பொசுக்கிவிடும். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆகவே மூல பாட்டில் பரிசோதனை அறைக்குள்ளேயே வரக்கூடாது. கலந்த பாட்டிலில் சதவீதம், தேதி, கலந்தவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளிலேயே இது பழக்கமாகிவிட வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். மஞ்சள் பல்பிலும் மங்கிய டார்ச்சிலும் வெள்ளையின் தரம் பிடிபடாது. வெள்ளை வெளிச்சம் தரும் ஹாலோஜன் அல்லது எல்.இ.டி. விளக்கு, நர்ஸின் தோளுக்கு மேலாக விழ வேண்டும்.

கருவிக் கணக்கும் முன்கூட்டியே போடவேண்டும். எட்டு ஸ்பெகுலம் (கர்ப்பப்பை வாயைப் பார்க்க யோனியை விரித்துப் பிடிக்கும் கருவி) இருக்கிற இடத்தில் இருபது பெண்களை வரச்சொன்னால் நடுவில் அவசர அவசரமாகக் கழுவி மாட்டுவார்கள், தொற்று அங்கேதான் புகும். பயன்படுத்தியதை அரை சதவீத குளோரினில் (லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர்) பத்து நிமிடம் ஊறவைத்து, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 20 நிமிடம் வைக்க வேண்டும். துணியில் சுற்றியிருந்தால் 30 நிமிடம்.

உள்ளே அழைக்கும் முன் கேட்க வேண்டியவை: இந்த மாதத்து விலக்கு முடிந்துவிட்டதா, கர்ப்பமாக இருக்கிறாரா, பிரசவமாகி மூன்று மாதம் ஆகிவிட்டதா, கர்ப்பப்பை எடுத்துவிட்டார்களா. கடைசிக் கேள்வியை மறந்தால், இல்லாத கர்ப்பப்பை வாயைத் தேடி அந்த அம்மாவை வதைப்போம். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்ல வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், உள்ளே திரை வேண்டும். இரண்டும் இல்லாத அறையில் எவ்வளவு பயிற்சி பெற்ற நர்ஸும் தோற்றுவிடுவார், ஏனென்றால் படுத்திருக்கும் பெண் தொடையை இறுக்கிக்கொண்டேதான் இருப்பாள்.

“பயப்படாதீங்க” என்று சொன்னால் பயம் போகாது. நடக்கப் போவதைச் சொன்னால் போகும். “அக்கா, இப்ப வெதுவெதுப்பா ஒண்ணு படும். மூச்சை வாயால விடுங்க. இழுக்கிற மாதிரி இருக்கும், குத்தாது. வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்.” சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் போதும். ஜெல்லி கர்ப்பப்பை வாயில் படிந்தால் அமிலம் சரியாகப் படாது. மூடிய நிலையில் சற்றுச் சாய்வாக நுழைத்து, உள்ளே போகப்போகத் திருப்பி, முழுதும் போன பிறகே மெல்லத் திறக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் புதியவர்கள் தவறுவார்கள். திருகைத் தளர்த்திய கையோடு ஸ்பெகுலத்தின் இதழ்களையும் மூடிவிடுவார்கள், சதை நடுவில் சிக்கிக்கொள்ளும். கர்ப்பப்பை வாயைத் தாண்டி வெளியே வரும்வரை இதழ்கள் சற்றுத் திறந்தே இருக்க வேண்டும்.

இப்போது பார்ப்பதற்கு வருவோம். அமிலம் தடவுவதற்கு முன்பே ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். சளி இருந்தால் பஞ்சால் மெல்லத் துடைக்கலாம், தேய்த்தால் ரத்தம் கசியும், அதற்குமேல் எதுவும் தெரியாது. கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம் வெளிர் ரோஸ் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். துவாரத்தைச் சுற்றி வெல்வெட் போலச் சிவந்த தோல். இரண்டும் சந்திக்கும் கோடுதான் உயிர்நாடி. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே தொடங்கும். அந்தக் கோடு முழுவட்டமாகத் தெரியவில்லை என்றால் ‘நார்மல்’ என்று எழுதக்கூடாது, ‘முழுதாகப் பார்க்க முடியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கோடு உள்ளே போய்விடும், ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் பரிசோதனை அவ்வளவாகக் கைகொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

அமிலத்தில் தோய்த்த பஞ்சை ஒற்றி எடுத்துவிட்டு, விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். மனக்கணக்கில் ஒரு நிமிடம் என்பது வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது இருபது விநாடியாகச் சுருங்கிவிடும். நோயுள்ள இடத்தின் வெள்ளை மெதுவாக எழும்பும், பாலாடை போல அடர்த்தியாக, ஓரம் வெட்டினாற்போலத் தெளிவாக, கோட்டைத் தொட்டபடி நிற்கும், மறையவும் நேரமாகும். கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் திட்டு, மங்கலான நீலம் கலந்த வெள்ளை, புள்ளி புள்ளியாகத் தெரிவது, கோட்டின் மேலேயே நூல் போல ஓடும் வெள்ளை, பொத்தான் போல் உருண்ட நீர்க்கட்டி இவையெல்லாம் நெகட்டிவ். அமிலம் படுவதற்கு முன்பே வெள்ளையாக இருந்த திட்டை, தடவிய பிறகு முதல்முறையாகப் பார்ப்பவர் அமிலத்தால் வந்ததென்று நினைத்துவிடுவார். முன்பே பார்க்கச் சொன்னது அதற்குத்தான். காலிஃபிளவர் போல வளர்ச்சியோ, புண்ணோ, தொட்டதும் ரத்தமோ இருந்தால் வி.ஐ.ஏ. முடிவுக்காகக் காத்திராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இதோடு லூகால்ஸ் அயோடினும் தடவிப் பார்க்கிறார்கள். நல்ல தோல் கரும்பழுப்பாகும், சந்தேகமான இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். முதலில் அயோடின் அலர்ஜி உண்டா என்று கேட்க வேண்டும். முடிந்ததும் ஒரு பேடு கொடுத்தனுப்ப வேண்டும். உள்பாவாடையில் கறையோடு வீடு திரும்பினால் அவளும் மறுபடி வரமாட்டாள், தெருவில் வேறு யாரையும் வரவும் விடமாட்டாள்.

பயிற்சி தோற்பது பெரும்பாலும் கணக்கில்தான். திண்டுக்கல்லில் 31,343 பேரில் பாசிட்டிவ் 3,088 பேர், அதாவது நூற்றுக்குச் சுமார் பத்து. ஒரு வகுப்பில் பத்து நர்சுகள், மொத்தமே இருபது பெண்கள் என்றால் பாசிட்டிவ் இரண்டுதான் வரும், அதையும் பத்துப் பேர் எட்டிப் பார்க்க வேண்டும். பாசிட்டிவைக் கண்ணால் காணாமலே சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். இதை ஈடுகட்டப் படங்கள் வேண்டும். குறைந்தது நூறு படம். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெறுபவர் தனியாக பாசிட்டிவா நெகட்டிவா என்றும், ஏன் என்றும் எழுத வேண்டும். ‘ஏன்’ இல்லாமல் சரியான விடை மட்டும் எழுதுபவர் ஊகிக்கிறார். பிறகு நேரில் பார்க்கும்போதும் கற்றுக்கொடுப்பவரும் கற்பவரும் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம்தான் ஒப்பிட வேண்டும். சீனியர் முதலில் வாய்திறந்தால் ஜூனியர் தலையாட்டுவார்.

பணியில் சேர்ந்த பிறகு ஒவ்வொருவரின் பாசிட்டிவ் விகிதத்தையும் மாதாமாதம் பார்க்க வேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் முதல்முறை செய்யும் இடத்தில் நூற்றுக்கு முப்பது வந்தால் மங்கல் வெள்ளையையும் வீக்கத்தையும் பாசிட்டிவாக்குகிறார் என்று பொருள். நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால் கரைசலையோ, விளக்கையோ, அந்த ஒரு நிமிடத்தையோ சந்தேகிக்க வேண்டும். இது தண்டிக்க வைத்திருக்கும் எண் ஆகிவிடக்கூடாது. அப்படி ஆன அன்றே எல்லார் பதிவேட்டிலும் ஒரே மாதிரி எண் வர ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்கும் நர்ஸ் படிப்பு முடித்தவர்தான் வேண்டும் என்று இல்லை. மும்பை குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில் பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ. செய்யவைத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்தது. மார்பகப் பரிசோதனையையும் அவர்களேதான் செய்தார்கள்.

அந்த அம்மா படுக்கையிலிருந்து இறங்கியதும் அனுப்பிவிடாமல் மற்றதையும் பார்த்துவிடலாம். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றி அதற்குக் கீழே கஃப் (பிரஷர் பட்டை) கட்டினால் ரவிக்கையே கயிறாக இறுக்கி அளவைக் கெடுக்கும், ரவிக்கையின் அந்தக் கையைக் கழற்றிவிடச் சொல்வதே நல்லது. ஹீமோகுளோபினுக்கு விரல் நுனியைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுத்தால் திசுநீர் கலந்து குறைவாகக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் சொட்டை எடுக்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மார்பகத்தை மூன்று விரல்களின் சதைப்பகுதியால், மேலோட்டம், நடுத்தரம், ஆழம் என மூன்று அழுத்தத்தில், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தடவ வேண்டும். அக்குளை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பாசிட்டிவ் என்றால் எப்படிச் சொல்வது? “வெள்ளையா ஒரு இடம் தெரியுதுக்கா. இது புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. அப்படியே விட்டா பல வருஷம் கழிச்சு ஆகலாம், அதனால இப்பவே சரிபண்ணிடலாம்.” இந்த ‘இப்பவே’தான் திண்டுக்கல் ஆய்வின் பலம். பாசிட்டிவ் ஆன 3,088 பேரில் 3,052 பேருக்கு, கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பி நடந்தது. கால்போஸ்கோப்பி, சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி, தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி என எல்லாவற்றையும் நர்சுகளே, வந்த அன்றே செய்தார்கள். “அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் பலர் போயிருக்கவே மாட்டார்கள். ஒரு நாள் கூலி, பஸ், துணைக்கு ஆள், வீட்டில் பதில். நம் பயிற்சிகள் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுவது எனக்குப் பெரிய வேதனை. கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது பார்க்காமலே இருப்பதைவிட மேல் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

கிரையோதெரபி கற்கக்கூடியதுதான். புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கக்கூடாது, கர்ப்பம் கூடாது, வெள்ளைத் திட்டு கர்ப்பப்பை வாயில் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும், துவாரத்துக்குள் போயிருக்கக்கூடாது, கருவியின் முனை அதை முழுதாக மூட வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மேலே அனுப்ப வேண்டும். சிலிண்டர் அழுத்தத்தைத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும், பாதியில் வாயு தீர்ந்தால் உறைவு ஆழமாகப் போகாது. மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் உருகவிட்டு, மறுபடி மூன்று நிமிடம். பனி முனையின் விளிம்பைத் தாண்டி நான்கைந்து மில்லிமீட்டர் பரவியிருக்க வேண்டும். பக்கச் சுவரில் முனை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருகி முனை தானாக விடுபடும் முன் இழுத்தால் சதையும் சேர்ந்து பிய்ந்து வரும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு முதல் ஆறு வாரம் தண்ணீர் போலப் போகும் என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பயந்துபோவாள். நான்கு வாரம் உறவு கூடாது. இதை வீட்டுக்காரரிடம் தன்னால் சொல்ல முடியுமா, நர்ஸ் சொல்ல வேண்டுமா என்று அவளிடமே கேட்டு, அவள் விருப்பப்படி செய்ய வேண்டும். காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி, துர்நாற்றம், மாதவிலக்கை மிஞ்சிய ரத்தப்போக்கு இதில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் வரச்சொல்லி, தொலைபேசி எண்ணையும், ஓர் ஆண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வரவேண்டிய தேதியையும் அவள் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே தேதி நர்ஸின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.