ஒரு மெட்டல் கோடை: 2025 நாட்குறிப்பு

ஜூன் 6
டர்ன்ஸ்டைல் இசைக்குழுவின் 'நெவர் எனஃப்' ஆல்பம் இன்று வெளிவந்தது. இரண்டு நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டுப் போகிற பால்டிமோர் ஹார்ட்கோரில், அதாவது பங்க் ராக்கின் வேகமான, முரட்டு வகையில், வளர்ந்தவர்கள். இதில் ஒரு பாட்டை ஆறு நிமிடத்துக்கு மேல் இழுத்து, கிட்டாரை நிறுத்திவிட்டு சிந்த்தையும் (மின்னணு கீபோர்டு) நடன கிளப் தாளத்தையும் ஓடவிட்டிருக்கிறார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஜூன் 15
நேற்று இங்கிலாந்தின் டோனிங்டனில், டவுன்லோட் ராக் விழாவின் முக்கியக் கச்சேரி, முகமூடி போட்டு அடையாளம் மறைத்து வாசிக்கும் ஸ்லீப் டோக்கன் குழுவுடையது. 1980-இல் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா தொடங்கிய அதே இடம். படித்த செய்திகளில் முக்கால்வாசி முகமூடியைப் பற்றித்தான், அப்புறம் பாடகர் யார் என்ற துப்பறியும் வேலை. டிரம்ஸ் பற்றி ஒரு வரி? ம்ஹும். 'டூ' என்று மட்டும் அறியப்படும் அந்த டிரம்மர், மெட்டு சாதுவாகப் போகும்போதும் ஹை-ஹாட்டில் (டிரம்ஸின் ஜோடித் தாளத் தட்டுகள்) சின்னச் சின்ன அடிகளைச் செருகிக்கொண்டே இருப்பார். அவரை எடுத்துவிட்டால் 'ஈவன் இன் ஆர்கேடியா'வில் பாதி வெறும் பாப் பாட்டுதான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த ஆல்பம், இருந்தாலும் சொல்வேன்.

ஜூலை 6
பர்மிங்காம், வில்லா பார்க். மெட்டலைத் தொடங்கிவைத்த குழு என்று சொல்லப்படும் பிளாக் சபாத்தின் அசல் நால்வரும் 2005-க்குப் பிறகு நேற்றுதான் சேர்ந்து வாசித்தார்கள். 76 வயதுப் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பார்க்கின்சன் நோயோடு, கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். குரல் அங்கங்கே சுருதி விலகியது, உண்மைதான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நான் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இளவயதில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது. மெட்டலின் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 22
ஆஸி போய்விட்டார். அந்தக் கச்சேரி முடிந்து 17 நாள்தான். எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 1
ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் மழை, சேறு. 2023-இல் சேற்றால் ஆள் விடுவதையே நிறுத்தினார்கள்; இந்த முறை அந்த அளவுக்கு இல்லை. சேற்றுப் படங்கள் போதும்பா, யாராவது வாசித்ததைப் பற்றி எழுதுங்கள்.

ஆகஸ்ட் 22
டெஃப்டோன்ஸ் குழுவின் 'பிரைவேட் மியூசிக்'. அவர்களின் பத்தாவது ஆல்பம், 2020-க்குப் பிறகு வரும் முதல் ஆல்பம். தயாரிப்பாளர் நிக் ரஸ்குலினெட்ஸ் திரும்பி வந்திருக்கிறார். அவரோடு செய்த 'டயமண்ட் ஐஸ்' காலத்து இறுக்கமும் வந்திருக்கிறது. போன் ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே குழப்பம். ஹெட்ஃபோனில் ஏப் கன்னிங்ஹாமின் டிரம்ஸ் தனியாகப் பிரிந்து கேட்கிறது, பாடகர் சீனோ மொரேனோவின் குரல் கிட்டாருக்குள்ளிருந்தே எழுகிறது. அதற்குள் ஊரெல்லாம் மதிப்பெண் போட்டு முடித்துவிட்டது. நான் இரண்டாம் பாதியை இன்னும் ஒழுங்காகக் கேட்கவில்லை.