ஓர் அம்மோனாய்டைப் புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

டெவோனியக் காலத்தில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியக் காலத்தின் முடிவையொட்டி மறைந்த அம்மோனாய்டுகள் (கணவாய்க்கு உறவான, அறைகளாகப் பிரிந்த சுருள் ஓடுடைய கடல்விலங்குகள்), பாறையில் பெரும்பாலும் ஓடாகக் கிடைப்பதில்லை. ஓட்டுக்குள் புகுந்த சேறு இறுகிய உள்வார்ப்பாகவே கிடைக்கின்றன. ஓடு கரைந்துபோனது இழப்புதான் என்றாலும், இனங்காண்பவருக்கு அதில் ஒரு நன்மை உண்டு. அறைகளைப் பிரித்த தடுப்புச் சுவர்கள் ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட இடங்களெல்லாம் அந்த வார்ப்பின் மேல் தையல் கோடுகளாகத் தெரியும்.

அம்மோனாய்டு வகைகளுள் கோனியடைட்டுகளில் இக்கோடு எளிய வளைவுகளாக ஓடும். செரடைட்டுகளில் பின்னோக்கிய வளைவுகள் மட்டும் பல்வெட்டுடன் இருக்கும். அம்மோனைட்டுகளில் எல்லா வளைவுகளும் கிளைத்துக் கிளைத்து நுணுகும். இந்த அழகில் மயங்கிவிடக் கூடாது. விலங்கு வளர வளரக் கோடும் சிக்கலாகும், தேய்ந்த வார்ப்பில் அது எளிமையாகத் தோன்றும். ஆகவே ஒத்த விட்டமுள்ள, தேயாத பகுதிகளையே ஒப்பிட வேண்டும்.

உண்மையான சிக்கல் இனத்தை வரையறுப்பதில்தான் இருக்கிறது. சுருளின் அகலம், உயரம், சுருளின் நடுவே குழிந்த கொப்பூழின் அளவு, ஓட்டின் மேல் புடைத்த விலாவரிகளின் தடிமன் ஆகியவற்றை அளந்து, வேறுபாடு கண்ட இடமெல்லாம் புதுப்பெயர் சூட்டிய காலம் ஒன்று இருந்தது. ஜுராசிக் கால அம்மோனைட்டுப் பேரினமான சோனினியாவை ஆராய்ந்த தொல்லுயிரியலாளர் வெஸ்டர்மன், தடித்த சுருளும் முரட்டு விலாவரியும் சேர்ந்தே வருவதையும், மெல்லிய சுருளில் விலாவரி மங்குவதையும், இரு எல்லைகளுக்கும் இடையே தொடர்ச்சியான வடிவங்கள் இருப்பதையும் 1966-இல் காட்டி, முன்பு தனித்தனியாகப் பெயரிடப்பட்ட பலவற்றை ஒரே இனத்துக்குள் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மகோவ்ஸ்கி, காலமன் என்ற ஆய்வாளர்கள், ஒன்றாகக் கிடைக்கும் பெரிய, சிறிய ஓடுகள் பல ஒரே இனத்தின் இரு பாலினங்களாக இருக்கலாம் என்று விளக்கியிருந்தனர். இவற்றுக்குப் பிறகும் ஒற்றை மாதிரியைக் கொண்டு புதிய இனத்தை அறிவிப்பதை, அதன் வடிவம் மிக அசாதாரணமாக இருந்தாலன்றி, என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே படுகையிலிருந்து இளசும் முதிர்ந்ததுமாகப் பல மாதிரிகள் வேண்டும்; அவற்றுள் ஒன்றை, இனப்பெயருக்கு அடையாளமாக நிற்கும் மூலமாதிரியாகக் குறித்து, பிறர் சென்று பார்க்கத்தக்க சேகரிப்பில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற பதிவும் இன்றியமையாதது, ஏனெனில் 1850-களில் ஜெர்மானிய நிலவியலாளர் ஓப்பல் ஜுராசிக் பாறைகளை அவற்றிலுள்ள புதைபடிவங்களைக் கொண்டு மண்டலங்களாகப் பிரித்த நாள்தொட்டு, அப்பாறைகளின் வயதைக் கணிக்க அம்மோனைட்டுகளே முதன்மையான சான்று. சரிவில் உருண்டு கிடந்த மாதிரிக்கு அந்த அடுக்கு தெரியாது. அதைப் பேரினப் பெயரோடு நிறுத்திவைத்து, அதே வடிவம் பாறையின் உள்ளிருந்து கிடைக்கும்வரை தேடுவதே முறை.