நாம்பனோடு கூடப் பிறந்த நாகு

பசு இரட்டைக் கன்று போட்டால் பால் பற்றிக் கணக்குப் போட முன்னர் இரண்டும் என்ன கன்று என்று பாருங்கள். இரண்டும் நாகு (பெண் கன்று) என்றால் பயமில்லை. ஒன்று நாம்பன் (ஆண் கன்று), மற்றது நாகு என்றால், அந்த நாகு பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான். நாம்பனுக்குப் பெரிய பாதிப்பில்லை.

இந்த நாகை ஆங்கிலத்தில் ஃப்ரீமார்ட்டின் என்பார்கள். ‘மார்ட்’ என்பது ஸ்கொட்லாந்தில், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி இறைச்சிக்கு வெட்டக் கொழுக்கவைத்த மாடு. கன்றும் இல்லை, பாலும் இல்லை என்றால் வேறு எங்கே போகும்? முன்பாதியான ‘ஃப்ரீ’யைச் சினையில்லாப் பசுவைக் குறித்த ‘ஃபெரோ’ என்ற பழைய ஸ்கொட்ஸ் சொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ரோமரான வர்ரோ இன்னும் கிட்டப் போனார். மலட்டுப் பசுவை அவர் ‘தௌரா’ என்றார். காளைக்கு லத்தீனில் ‘தௌருஸ்’.

உண்மையிலேயே காளைதான் காரணம். கருவில் இரண்டு கன்றின் இளங்கொடியும் ஒட்டி, இரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. நாம்பனின் விதையில் ஊறும் ஹோர்மோன் நாகுக்குள் பாய, அதன் கருப்பையும் சூலகமும் வளராமல் நின்றுவிடும். ஸ்கொட்லாந்து அறுவை வைத்தியர் ஜோன் ஹன்டர் இப்படியான மாடுகளை அறுத்துப் பார்த்து 1779இல் எழுதினார். காரணத்தை அமெரிக்க விலங்கியலாளர் ஃபிராங்க் லில்லி 1916இல் விளக்கினார். நாம்பன் கரு இடையில் அழிந்து நாகு மட்டும் பிறந்தாலும் இதே கதைதான். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

வெளித்தோற்றத்தை நம்பவேண்டாம். சிலதில் பெண்குறியின் நுனியில் நீண்ட மயிர்க்கற்றை இருக்கும். பலதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். முனை மழுங்கிய, வழுவழுப்பான குழாயில் வசலின் பூசி மெதுவாகப் பெண்குறிக்குள் விட்டால், சாதாரண கன்றில் 12–15 செ.மீ. போகும், மலட்டுக் கன்றில் 5–8 செ.மீ.இல் முட்டி நிற்கும். அதற்குமேல் அமுக்கினால் கிழியும். சந்தேகமென்றால் இரத்தப் பரிசோதனை இருக்கிறது: நாகின் இரத்தத்தில் ஆண் கலங்கள் இருந்தால் முடிவு தெளிவு. பார்க்காமல் விட்டால் இரண்டு வருடம் தவிடும் புண்ணாக்கும் போட்டு, ஊசிக்கு மேல் ஊசி போட்டு, சினை பிடிக்காமல் நிற்கும்போதுதான் தெரியவரும்.

ஆட்டுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோக வேண்டாம். கிடாயும் மறியுமாக இரட்டைக் குட்டி போடுவது அங்கே வழமை. மறி மலடாவது அருமை. ஆட்டில் பார்க்கவேண்டியது கொம்பை. பிறவியிலேயே கொம்பில்லாத கிடாயை அப்படியே கொம்பில்லாத மறியோடு சேர்த்தால் ஆணும் பெண்ணுமற்ற குட்டிகள் பிறக்கலாம். ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.