துடுப்பை வைத்துவிட்டுத்தான் வலை

கல்லடிப் பாலத்தடியில் தோணியில் மீன்பிடிக்கும் ஒருவரை வைத்து மொபைல் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். 1924 இல் திறந்த பழைய பாலம், பக்கத்திலேயே 2013 இல் திறந்த புதிய பாலம், கீழே மட்டக்களப்பு வாவி. காட்சி வரைவது சுலபமாகவே முடிந்தது. நேரத்தைத் தின்றது அந்தத் தோணிக்காரரின் நிலைகள்தான், அதாவது ஒரு கணத்தில் ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது.

விளையாட்டுச் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு பாத்திரத்தைக் கம்போனென்ட்கள் எனும் தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துத்தான் உருவாக்குவோம். நடைக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, அனிமேஷனுக்கு ஒன்று. முறை பழையது, 2002 இல் டஞ்சன் சீஜ் விளையாட்டு இப்படி அமைந்த விதத்தை அதன் நிரலாளர் ஸ்காட் பிலாஸ் அதே ஆண்டு விளையாட்டு உருவாக்குநர்களின் ஜிடிசி மாநாட்டில் விளக்கினார். வலையை எழுதுபவர் நடையைத் தொடவே வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஆள் இப்போது என்ன செய்கிறார் என்று முடிவெடுப்பது யார்?

எங்கள் கைக்கு வந்த மாதிரியில் எல்லாக் கம்போனென்டும் முடிவெடுத்தது. நடக்கிறாரா, தோணியில் இருக்கிறாரா, துடுப்புப் போடுகிறாரா, வலை வீசுகிறாரா, களைத்துவிட்டாரா என்று ஐந்து ஆம்-இல்லை மாறிகள். அப்படியென்றால் 32 சேர்க்கைகள். உண்மையில் நடக்கக்கூடியவை சொற்பம், மிச்சமெல்லாம் பிழை வந்து குந்தும் இடங்கள். வலை விரியும்போதே துடுப்பும் அசையும். அதோடு, நாமாக வரிசை குறிக்காவிட்டால் எந்தக் கம்போனென்டின் அப்டேட் (ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் பகுதி) முதலில் ஓடும் என்பதை யூனிட்டியில் நம்பியிருக்க முடியாது.

வாவிக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வலை தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள துடுப்புப் போட ஏலாது மனே. முதல்ல துடுப்ப உள்ளுக்கு வை" என்றார். எனக்கு வேண்டிய விதியே அதுதான். துடுப்புப் போடுதலிலிருந்து வலை வீசுதலுக்கு நேர்வழி கிடையாது, நடுவில் துடுப்பை வைத்தல் என்றொரு நிலை.

இப்போது நிலையை ஒரேயொரு கம்போனென்ட் வைத்திருக்கிறது, ஒரே மதிப்பாக. மற்றவை அதனிடம் கேட்கும், அது மாறும்போது அறிந்துகொள்ளும், தாமாக மாற்றாது. ஒவ்வொரு நிலைக்கும் நுழையும்போது ஓடும் பகுதியும் வெளியேறும்போது ஓடும் பகுதியும் உண்டு. வெளியேறும் பகுதியைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு எழுதுகிறேன். வலை பாதி வீசியிருக்கையில் காற்று அடித்துத் தோணி சாய்ந்தால், வீசுதல் நிலை எப்படி முறிந்தாலும் வலை தோணிக்குள் திரும்பியிருக்க வேண்டும். அந்த வேலையைச் சாய்தல் நிலையின் தலையில் கட்டினால், அப்புறம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு நிலையும் வலையைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிவரும்.

களைப்பை நிலைகளிலிருந்து எடுத்துவிட்டோம். அது ஏறி இறங்கும் ஓர் எண், அவ்வளவுதான். அசைவுகளை ஓட்டும் யூனிட்டியின் அனிமேட்டரும் நிலைக்கு நிலை தாவும் ஒரு நிலைப்பொறிதான், அதிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாமே என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஓர் அசைவு இன்னொன்றோடு கலந்து மாறச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஆட்டத்தின் விதி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறும். அதனால் அனிமேட்டர் காட்டட்டும், தீர்மானிக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

இந்த வாரம் இரவுக் காட்சிக்கு விளக்குச் சேர்க்கிறோம். விளக்குப் பிடித்தல் என்று புது நிலை வேண்டுமா என்று யோசித்தோம். ஆளின் இரண்டு கையும் வேலையில் இருக்கும், விளக்கு தோணியின் முன்பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே அதைத் தோணியின் கம்போனென்டில் வைத்தாயிற்று.